சுவருக்கு அப்பால் கேட்ட பாட்டு: லண்டன் தமிழ்ப் பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

லண்டன் தமிழ்ப் பள்ளிகளின் நிர்வாகக் குழுவினருக்கும், ஆண்டு விழா அமைப்பாளர்களுக்கும், அங்கே வாய்ப்பாட்டும் மிருதங்கமும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் வளர்ந்தவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக டிஜேயாக இருக்கிறேன். உங்களில் பலருடைய வீட்டுக் கலியாணங்களுக்கு நான்தான் ஒலிபெருக்கி கொண்டுவந்து கட்டியிருப்பேன். தாலி கட்டும்போது நாதஸ்வரக்காரருக்கு மைக் வைத்துவிட்டு, இரவு விருந்தில் உங்கள் மாமன்மாரை ஆட வைத்துவிட்டு, கடைசி ஆளாக மண்டபத்தைப் பூட்டிக்கொடுத்துப் போகிறவன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

இந்த ஆண்டு ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்கு ஒலியமைப்புச் செய்யப் போயிருந்தேன். எந்தப் பள்ளி என்று எழுதப்போவதில்லை. விழாவுக்கு முதல் நாள் ஒத்திகை. பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் மிருதங்கத்தோடு மேடை ஏறினான். கூடவே அவனுடைய வகுப்புத் தோழன், நைஜீரியப் பெற்றோரின் பிள்ளை, மடிக்கணினியோடு வந்து அமர்ந்தான். தோழன் செய்துவந்திருந்தது கிரைம் (grime) என்ற வகைத் தாளம். கிழக்கு லண்டனில் பிறந்த இசை அது; நிமிடத்துக்கு 140 அடி, எட்டு பாருக்கு ஒருமுறை சுற்றித் திரும்பும். நம் சிறுவன் அதை ஆதி தாளத்தில் வைத்துக்கொண்டான். ஒரு பாருக்கு நான்கு அடி; எட்டு பார் என்றால் 32 அடி. எட்டு அடிக்கு ஒரு சுற்று வரும் ஆதி தாளத்தில் அது சரியாக நான்கு ஆவர்த்தனம், அதாவது நான்கு சுற்று. அடிக்கு இரண்டு மாத்திரை எனப் பிரித்து, தகதகிட என்று ஐந்து தடவை வாசித்து, கடைசியில் தகிட தகதிமி என்று ஏழு சேர்த்தான். 25-உம் 7-உம் 32. அதை இரண்டு தடவை வாசித்தால் 64 மாத்திரை; எட்டு பார் முடிந்து புதிய சுற்றின் பேஸ் என்ற அடித்தொனி விழும் அதே இடத்தில், தாளத்தின் தொடக்கமான சமம் விழும்.

விழுந்தது. தோழன் மடிக்கணினியை விட்டுக் கையைத் தூக்கிவிட்டான். நான் மிக்ஸருக்குப் பின்னால் நின்று, என்னை அறியாமல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் நிறுத்தச் சொன்னார்கள். "இது எங்கள் இசை இல்லை, அந்தப் பிள்ளையும் எங்கள் பள்ளிப் பிள்ளை இல்லை" என்றார் பொறுப்பாளர் ஒருவர். கோபமாகச் சொல்லவில்லை, அமைதியாகத்தான் சொன்னார். சிறுவன் ஒன்றும் பேசவில்லை. மிருதங்கத்தை உறைக்குள் வைத்து நாடாவை இழுத்துக் கட்டினான். இரண்டு பேரும் வெளியே பஸ் தரிப்பிடத்தில் போய் நின்றார்கள். நான் வயர்களைச் சுற்றிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். அன்று நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்காததால்தான் இந்த மடல்.

அந்தப் பொறுப்பாளர் சொன்ன "எங்கள் இசை" எனக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை நீங்கள் கேட்க வேண்டும்.

83 கலவரத்துக்குப் பிறகு இங்கு வந்தவர்கள் என் பெற்றோர். அப்பாவுக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. ஹை ஸ்ட்ரீட் நோர்த்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பழைய வீட்டைப் பிரித்து மூன்று குடும்பம் இருக்கும்படி செய்திருந்தார்கள். நாங்கள் கீழே. மேலே ஜமைக்காவிலிருந்து வந்த ஒரு பெரியவர், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். பக்கத்து வீட்டில் கானா நாட்டுக் குடும்பம். எதிரே குஜராத்தியர், தெருக்கோடியில் பஞ்சாபிக் கடை. 2011 கணக்கெடுப்பில், எங்கள் பகுதி அடங்கிய நியூஹாமில் தங்களை வெள்ளைப் பிரித்தானியர் என்று பதிந்தவர்கள் நூற்றுக்கு 17 பேர்தான். நாட்டிலேயே மிகக் குறைவு. அந்தத் தெருவில் யாருமே பெரும்பான்மை இல்லை. சுவர்களோ மெல்லியவை.

மேல்மாடிப் பெரியவரின் முன்னறையில் கதவளவு உயரத்தில் இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள் நின்றன. எழுபதுகளில் ஒட்டுப்பலகை வாங்கித் தானே அடித்தவை. அவற்றில் பேஸ் வந்தால் எங்கள் சமையலறை அலுமாரியில் அம்மாவின் எவர்சில்வர் டம்ளர்கள் மெல்ல ஒன்றோடொன்று உரசும். எனக்குப் பாட்டு முதலில் காதால் வரவில்லை, அந்தக் கிண்கிணியால்தான் வந்தது. அப்பா காலை எட்டு மணிக்கு வந்து படுப்பார். பெரியவருக்கு அது தெரியும். மதியம் இரண்டு மணிவரை அவர் பேஸைக் குறைத்தே வைப்பார். யாரும் போய்க் கேட்டதில்லை. தைப்பொங்கலன்று அம்மா ஒரு கிண்ணம் பொங்கலோடு என்னை மேலே அனுப்புவார். கிண்ணம் ஒருபோதும் வெறுமையாகத் திரும்பி வராது.

ஒருநாள் அவர் என்னை உட்காரவைத்து ஏழு அங்குல இசைத்தட்டு ஒன்றைக் கையில் தந்தார். நடுவில் பெரிய ஓட்டை. ஒரு பக்கம் பாட்டு. மறுபக்கம் அதே பாட்டு, பாடகரின் குரல் மட்டும் இல்லாமல். வெறும் டிரம்மும் பேஸும், இடையில் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கிற்றார் ஒரு கணம் எதிரொலித்து மறையும். "இந்தப் பக்கம் எதற்கு?" என்று கேட்டேன். "இது உனக்கு. இதன்மேல் நீ பேச வேண்டும்" என்றார். ஜமைக்காவில் தட்டைச் சுழற்றுபவருக்கு செலக்டர் என்று பெயர். மைக் பிடித்துத் தாளத்தின்மேல் பேசுபவர்தான் அங்கே டிஜே. அயலவனுக்கு இடம் விட்டு வைத்த ஒரு பாட்டை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் கண்டேன். நம் கச்சேரியில் பாடகர் நிறுத்தி, மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குக் கைகாட்டி விடுகிறாரே, அதை நான் பிற்பாடு கேட்டபோது எனக்கு அந்தத் தட்டின் மறுபக்கம்தான் நினைவுக்கு வந்தது.

கானாக் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞாயிறு காலையில் அவர்கள் வீட்டில் ஆராதனைக்குமுன் ஒத்திகை நடக்கும். ஒரு பெண், நாங்கள் ஆன்ட்டி என்று கூப்பிடுவோம், கையில் இரும்பு மணியோடு நிற்பார். பன்னிரண்டு துடிப்புகளில் ஏழு இடத்தில் மட்டும் அடி விழும். எண்ணிப் பார்த்தால் பிடிபடாது. உடம்பு ஆடினால் பிடிபடும். எங்கள் வீட்டில் அதே நேரம் அம்மாவின் ஒலிநாடா ஓடிக்கொண்டிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த நாடா: ஒரு பக்கம் எண்பதுகளின் திரைப்பாட்டு, மறுபக்கம் ஈழத்துப் பொப்பும், இலங்கையின் ஆட்டப்பாட்டான பைலாவும். ஒரு ஞாயிறு, எனக்குப் பதினொரு வயது இருக்கும், பைலா ஓடும்போது ஆன்ட்டியின் மணி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் பாட்டில் சேர்ந்துகொண்டது. இரண்டு மூன்று சுற்று அப்படியே பொருந்தி ஓடியது. அம்மா இடியப்ப உரலைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்.

வளர்ந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பைலாவின் அந்த ஆறெட்டு நடை, போர்த்துக்கீசர் காலத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் கபரிஞ்ஞா என்ற ஆட்ட இசையிலிருந்து வளர்ந்தது. புத்தளத்துக்கு அருகே சிரம்பையடியில் அந்த மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தங்கள் மஞ்ஞா பாடல்களைப் பாடுகிறார்கள். நம் கலியாண வீடுகளில் சாப்பாட்டுக்குப் பிறகு கழுத்துப்பட்டியைத் தளர்த்திவிட்டு மாமன்மார் ஆடுகிறார்களே, அந்த ஆட்டத்தின் பாட்டனுக்குப் பாட்டன் ஆப்பிரிக்கன். கடல் கடந்து, அடிமைப்பட்டு, சிங்களமும் தமிழும் பேசி, பிறகு அம்மாவின் நாடாவில் ஏறி ஈஸ்ட் ஹாமுக்கு வந்த தாளம், அங்கே ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணின் மணியோடு சேர்ந்துகொண்டது. உங்கள் விழாக்களில் பைலாவை யாரும் நிறுத்தச் சொல்லி நான் பார்த்ததில்லை. நிறுத்தவும் கூடாது. ஆனால் அது எப்படி "எங்கள் இசை" ஆனது என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

கோயில் தவிலையும் இந்தத் தெருவில்தான் கேட்டேன். தேர்த் திருவிழா நாட்களில் தவில்காரருக்கு மிக அருகில் போய் நின்றுகொள்வேன். வலக்கை விரல்களில் துணியும் பசையும் சுற்றி இறுக்கிய கூடுகள், இடக்கையில் கம்பு. மேல்மாடிப் பெட்டியின் பேஸ் வயிற்றில் விழும். தவில் நெஞ்செலும்பில் விழும். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியைப் பற்றி அப்பா கதைகதையாகச் சொல்வார். 1975இல் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்துபோன அந்தத் தவில் மேதையை நேரில் கேட்டவர்கள் அவர் பெயரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். மேல்மாடிப் பெரியவரை ஒருமுறை தேர் பார்க்கக் கூட்டிப்போனேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தவிலை விட்டுக் கண்ணை எடுக்காமல் முழுத் தெருவும் நடந்தார். "இவர்கள் மைக் இல்லாமலா இவ்வளவு சத்தம் கொண்டுவருகிறார்கள்?" என்று இரண்டு தடவை கேட்டார். அவரை அங்கே யாரும் "நீங்கள் எங்கள் ஆள் இல்லை" என்று சொல்லவில்லை. எங்கள் தேர் அவருடைய தெருவாலும்தான் போனது.

பதினைந்து வயதில் பெற்றோல் நிலையத்தில் சனி, ஞாயிறு அலுமாரி அடுக்கிச் சேர்த்த காசில் பழைய இசைத்தட்டுச் சுழல்மேடை இரண்டு வாங்கினேன். அப்பா பகலில் உறங்குவதால் ஹெட்போனில்தான் பழக வேண்டியிருந்தது. அதுவே எனக்குக் காதைக் கூராக்கியது. ஒரு காதில் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டு, மறு காதில் வரப்போகும் பாட்டு. விரல் நுனியால் தட்டின் ஓரத்தை ஒரு மயிரிழை தள்ளுவேன், அல்லது பிடிப்பேன். இரண்டு டிரம்மும் ஒன்றாகக் கேட்கும்வரை. வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு நழுவுபொத்தான் உண்டு; மேலே எட்டு வீதம், கீழே எட்டு வீதம். அந்த எல்லைக்குள் அடங்காத இரண்டு பாட்டைச் சேர்க்க வேண்டுமானால் வேறு உறவு தேட வேண்டும். 33 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 45இல் ஓட்டினால் நூறு அடிப் பாட்டு 135 ஆகும். ஜமைக்கா நடனப்பாட்டு, கராஜ் என்ற லண்டன் நடன இசைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடும். எட்டு வீதம் என்பது எனக்கு இன்றும் பெரிய பாடம்: ஒரு பாட்டை மற்றதோடு சேர்க்க அதன் குரலை உடைக்க வேண்டியதில்லை, இரண்டும் ஆளுக்குக் கொஞ்சம் நகர்ந்தால் போதும்.

அந்த ஆண்டுகளில் தொடர்மாடிகளின் உச்சியில் திருட்டுத்தனமாகக் கம்பி கட்டி வானொலி நடத்தினார்கள். 1994இல் அப்படித் தொடங்கிய ரின்ஸ் எஃப்எம் 2010இல்தான் முறையான உரிமம் பெற்றது. இடையில் அதே அலைவரிசைகளில்தான் கிரைம் வளர்ந்தது. போ பகுதிப் பையன் டிஸி ராஸ்கல் 2003இல் பிரித்தானியாவின் மெர்க்குரி இசை விருது வாங்கினார். தென் லண்டனின் மிச்சம் (Mitcham) என்ற ஊர்த் தொடர்மாடியில் வளர்ந்த நம் மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுபவர், 2005இல் அதே விருதின் இறுதிப் பட்டியலில் இருந்தார். அம்மா இரவுச் சாப்பாட்டுக்குத் தமிழ் வானொலி வைப்பார். பாத்திரம் கழுவும் நேரத்தில் நான் முள்ளை மெல்லத் திருப்பிவிடுவேன். அந்த ஓர் அங்குலத்துக்குள் முழு நகரமும் இருந்தது.

இதெல்லாம் லண்டனுக்கு மட்டும் உரிய கதையும் இல்லை. கிங்ஸ்டனில் பிறந்து பன்னிரண்டு வயதில் நியூயோர்க்கின் பிராங்ஸுக்கு வந்த கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11ஆம் தேதி, செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கக் குடியிருப்பின் பொது அறையில் தட்டுச் சுழற்றினார். தங்கை சின்டி பள்ளிக்கூடம் திறக்குமுன் புது உடுப்பு வாங்கக் காசு சேர்ப்பதற்காக வைத்த விருந்து அது. பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம். ஹிப் ஹொப்பின் பிறந்தநாளாக உலகம் கொண்டாடும் நாள் அதுதான். ஜமைக்காவின் ஒலிபெருக்கிப் பழக்கமும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்டும் ஒரே அறைக்குள் வந்ததால் அது பிறந்தது. அந்தக் குடியிருப்பின் பொது அறைக்கு ஒரு பூட்டு விழுந்திருந்தால்? உங்களிடம் இருப்பதும் அப்படியொரு பொது அறையின் சாவிதான். சனிக்கிழமை மண்டபச் சாவி.

இன்னொன்றைச் சொல்ல எனக்கு மனம் வலிக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். 2005 முதல் லண்டன் காவல்துறையிடம் 696 என்ற எண்ணில் ஒரு படிவம் இருந்தது. இசை நிகழ்ச்சி நடத்துபவர்கள் நிரப்ப வேண்டும். என்ன வகை இசை என்று கேட்டது. தொடக்கத்தில் எந்த இனத்தவர் வருவார்கள் என்றும் கேட்டது. கறுப்பினத்தவரும் ஆசியரும் கூடும் இரவுகளே அதனால் ரத்தாகின்றன என்று கலைஞர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2017 நவம்பரில் அது கைவிடப்பட்டது. நம் பிள்ளைகள் எந்த நிறத்தில் இருக்கிறார்கள், யாரோடு கூடி ஆடுகிறார்கள் என்று கேட்ட கேள்வி அது. ஒத்திகையில் அந்த நைஜீரியச் சிறுவனிடம் நாம் கேட்டதும் அதே கேள்வி. நம்மைப் போன்றவர்கள் அதைக் கேட்கலாமா?

உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஊரை விட்டு வந்தோம். வீடு போனது, நூலகம் எரிந்தது. மிஞ்சியதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளாவது வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிறீர்கள். வேலை முடிந்து வந்த களைப்போடு சனிக்கிழமையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள், ஊதியம் இல்லாமல். நீங்கள் இல்லையென்றால் அந்தச் சிறுவனுக்குத் தகதகிட என்ற சொல்லே தெரிந்திருக்காது. அதை நான் ஒருநாளும் மறக்கமாட்டேன்.

ஆனால் நீங்களே கற்பிக்கும் பாடத்திட்டத்தைத் திறந்து பாருங்கள். அதில் நோட்டுஸ்வரம் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் மணலியில், முதலியார் குடும்பத்தின் ஆதரவில் வாழ்ந்த இளம் முத்துசுவாமி தீட்சிதர், சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பேண்டு வாசித்ததைக் கேட்டார். அந்த மெட்டுகளை வைத்து 40-க்கு அருகில் பாட்டுகள் கட்டினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். பிரித்தானிய அரச கீதத்தின் மெட்டிலேயே அவருக்கு ஒரு பாட்டு உண்டு. தம்பி பாலுஸ்வாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். இன்று அந்த வயலின் இல்லாமல் உங்கள் மேடையில் ஒரு கச்சேரி நடக்குமா? அவர்களுக்குக் கோட்டை பேண்டு எப்படியோ, இந்தப் பிள்ளைகளுக்குக் கிரைம் அப்படி. அதுதான் அவர்கள் தெருவில் கேட்கிற இசை. வித்தியாசம் ஒன்று உண்டு: கோட்டையில் வாசித்தவர்கள் ஆள வந்தவர்கள். இங்கே வாசிப்பது பக்கத்து மேசையில் இருக்கும் தோழன்.

நான் கேட்பது அதிகம் இல்லை. ஆண்டு விழாவில் ஓர் உருப்படியாவது பிள்ளைகள் தாங்களே கட்டியதாக இருக்கட்டும், யாரோடு சேர்ந்து கட்டினாலும். தவணைக்கு ஒரு சனிக்கிழமை, மிருதங்க வகுப்பின் கடைசி மணிநேரத்துக்கு அயலவர் ஒருவரை அழையுங்கள். மணி அடிக்கும் ஓர் ஆன்ட்டி, டோல் அடிக்கும் ஒரு பஞ்சாபி மாமா, பழைய தட்டுகளோடு ஒரு ஜமைக்காப் பெரியவர். நம் ஆசிரியர் அவர்களுக்கு ஆதி தாளம் போட்டுக் காட்டட்டும். அவர்கள் நம் பிள்ளைகளுக்குத் தங்கள் எண்ணிக்கையைக் காட்டட்டும். இதற்குப் பணம் வேண்டாம், நாற்காலி போட்டால் போதும். ஒலிபெருக்கி என்னுடையது. வான் வண்டியில் ஏற்றி இறக்குவதும் நானே.

மேல்மாடிப் பெரியவர் இப்போது இல்லை. அவருடைய பெட்டிகள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. கூம்புகளை மாற்றிவிட்டேன், பலகை அவர் அடித்த அதே பலகை. உள்ளே பென்சிலால் அவர் எழுதிய அளவுகள் இன்னும் அழியவில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்கு அவற்றைக் கொண்டுவருகிறேன். அந்தச் சிறுவனின் தாயாரோடு பேசினேன். மிருதங்கத்தை உறையிலிருந்து அவன் இன்னும் வெளியே எடுக்கவில்லையாம். தோழன் வீட்டுக்கு வந்து போகிறானாம்.

அவர்கள் கேட்டது ஏழு நிமிடம். நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகுமுன் அதை அவர்களுக்குக் கொடுங்கள். இரண்டு பேருடைய பெயரையும் அதில் போடுங்கள்.

அன்புடன்,
ஈஸ்ட் ஹாமில் வளர்ந்த ஒரு டிஜே